சின்ன வயதில் பிள்ளை பெற்றவள்: பிரசவத்துக்குப் பின் அவள் மனதைப் பார்த்துக்கொள்வது எப்படி

கல்யாணம் ஆகியோ ஆகாமலோ, எதிர்பாராமல் கருவுற்ற 20 வயதுக்குட்பட்ட பெண் இருக்கும் வீட்டாருக்காக இதை எழுதுகிறோம். குறிப்பாக, பிரசவத்துக்குப் பிறகு அவளோடு ஒரே அறையில் படுக்கப்போகிற அம்மாவுக்கோ அம்மிச்சிக்கோ அத்தைக்கோ. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் இந்தச் சேதி வீட்டுக்குத் தெரிந்ததும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பள்ளிக்கூடமோ மில் வேலையோ நின்றுபோகும். போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். பக்கத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். "ஊருக்குத் தெரிஞ்சா என்னாகும்" என்ற பேச்சு ஓயாது. அவளிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க ஆளிருக்காது. பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, அவளோடு பேச ஆளில்லாத அந்த வீட்டில்தான் சீக்கிரம் முற்றுகிறது. மருந்தும் ஆலோசனையும் அடுத்த படி. முதல் படி, தினமும் அவளிடம் கேட்பதும் அவளைத் தூங்கவிடுவதும்.

தெரியவந்த முதல் வாரம்

நாள் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்கும். சின்ன வயதில் மாதவிலக்கு ஒழுங்காக வராது என்பதால் "ரெண்டு மாசந்தாங்க" என்று வருகிறவளுக்கு ஸ்கேனில் 14 வாரம் என்று தெரிவதுண்டு. அதனால் முதல் வேலை ஸ்கேன். மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். வாரம் தெரியாமல் கொடுத்த மாத்திரையால் பாதி கலைந்து, ரத்தப்போக்கு நிற்காமல், காய்ச்சலோடு நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலை வரும். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

கருக்கலைப்பு சட்டப்படி செய்யக்கூடியது. 1971 சட்டமும் அதன் 2021 திருத்தமும் சொல்வது இது: 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 18 வயது நிரம்பாதவர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து முடிவு செய்யலாம். வயது 18க்குக் கீழ் என்றால் பாதுகாவலர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 18 முடிந்திருந்தால் அவள் கையெழுத்து மட்டும் போதும். புருசனும் அப்பாவும் போட வேண்டியதில்லை. கலைப்பதோ பெற்றுக்கொள்வதோ, முடிவு அவள் வாயிலிருந்து வர வேண்டும். வற்புறுத்தி எடுத்த முடிவு, எந்தப் பக்கம் எடுத்திருந்தாலும், பிரசவத்துக்குப் பிறகு அவள் மனதில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

போலீஸ் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாதவர்கள் அதிகம் என்பதால் இதையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். 18 வயதுக்குக் கீழ் என்றால், கல்யாணம் ஆகியிருந்தாலும், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின்படி ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். டாக்டருக்கு அது கட்டாயம்; அவரிடம் கெஞ்சிப் பயனில்லை. ஆனால் அந்த வழக்கில் பெண் குற்றவாளி இல்லை. அவள் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் அடையாளத்தை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கைக் காரணம் காட்டி எந்த ஆஸ்பத்திரியும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. சட்ட உதவி இலவசம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் கேட்கலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181.

பிள்ளையை வளர்க்க வழியே இல்லை என்று அவள் முடிவெடுத்தால், அதற்கும் நேர்வழி இருக்கிறது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் நம் பக்கத்துச் சேலத்தில்தான் தொடங்கியது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனது மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. தெரிந்தவர் மூலம் "நல்ல குடும்பத்துக்கு" கைமாற்றிக் கொடுப்பது சட்டவிரோதம். பிள்ளையை ஒப்படைத்த பெண்ணுக்கும் பால் கட்டும், அழுகை வரும், மனச்சோர்வு வரும். கீழே சொல்லும் கவனிப்பு அவளுக்கும் அப்படியே பொருந்தும்.

பிறப்புச் சான்றிதழில் பொய் எழுதாதீர்கள். "அம்மிச்சி பெத்த கடைசிப் புள்ள" என்று பதிய நினைக்கும் வீடுகள் உண்டு. கர்ப்பத்தைப் பதிந்ததும் அரசு கொடுக்கும் பிக்மி எண்ணும் ஆஸ்பத்திரிப் பதிவும் ஒன்று சொல்லும், சான்றிதழ் வேறு சொல்லும். ஆதாரிலும் பள்ளிச் சேர்க்கையிலும் சிக்கும். அதைவிட, தன் பிள்ளை தன்னை அக்கா என்று கூப்பிடுவதை வருசக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பவளின் மனது என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். கல்யாணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தால் தகப்பன் பெயர் இல்லாமலே சான்றிதழ் தர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

முதல் இரண்டு வாரம்

பிள்ளை பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், பால் சுரக்கத் தொடங்கும் நேரத்தில், காரணமில்லாமல் அழுகை வரும். கர்ப்பத்தில் உச்சத்தில் இருந்த ஹார்மோன்கள் சில நாளில் சரசரவென்று இறங்குவதும், தூக்கமின்மையும், உடல் வலியும் சேர்ந்து செய்யும் வேலை அது. பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படி வரும். பத்துப் பதினைந்து நாளில் தானாகத் தணியும். "இந்த வயசுல ஏன் அழுகிற, அழுதா பால் விசமாயிரும்" என்று சொல்லாதீர்கள். பால் விஷமாவதில்லை; ஆகிவிடுமோ என்ற பயம்தான் அவளோடு தங்கிவிடும். பிள்ளையைப் பார்த்ததும் பாசம் பொங்காதவர்களும் நிறைய. சிலருக்கு அது வர வாரக்கணக்காகும். அதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிட்டால், "நான் கெட்ட தாய்" என்று அவளாக முடிவு கட்ட மாட்டாள்.

தூக்கம்

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். புதுப்பிள்ளை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். ஒவ்வொரு தடவையும் எடுத்து, துணி மாற்றி, பால் கொடுத்து, ஏப்பம் விடவைத்து, தட்டித் தூங்கவைக்க ஒரு மணி நேரம் போகும். இதில் அவள் மட்டுமே செய்யக்கூடியது பால் கொடுப்பது ஒன்றுதான். மற்ற நாலும் உங்கள் வேலை.

ராத்திரி ஒன்பதரை வாக்கில் பால் கொடுத்ததும் அவள் படுக்கட்டும். பிள்ளை உங்கள் பக்கம் இருக்கட்டும். அது கையைச் சப்பத் தொடங்கும்போதே துணியை மாற்றிவிட்டு, அழ ஆரம்பிப்பதற்குள் அவளிடம் கொண்டுபோங்கள். பெரிய லைட்டைப் போடாதீர்கள். சின்ன விளக்கு போதும். ஒருக்களித்துப் படுத்தபடி அவள் பால் கொடுக்கட்டும், நீங்கள் விழித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். முடிந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு, தோளில் போட்டு, உங்கள் பக்கம் வந்துவிடுங்கள். அவளுக்கு விழிப்பு அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இப்படி ராத்திரியில் நாலு மணி நேரமாவது, பகலில் பதினொன்று முதல் ஒரு மணி வரை இன்னும் கொஞ்சம். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது.

ஏற்கெனவே மனது சோர்ந்துபோனவளுக்கு நடுவில் எழுப்பாத தூக்கம் வேண்டும். படுக்கும் முன் கையால் பாலைப் பீய்ச்சி, கொதிக்கவைத்து ஆறிய கிண்ணத்தில் மூடி வைத்தால் சாதாரண அறைச் சூட்டில் நாலு மணி நேரம் தாங்கும். சித்திரை வைகாசி வெயிலில் அவ்வளவு நேரம் வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாலாடையால் கொடுங்கள், புட்டிக்குப் பழகினால் சில பிள்ளைகள் மாரில் சரியாகக் குடிக்காது.

இது எங்கே கெடும் என்றால், ஒரே ஆள் தினமும் ராத்திரி முழிக்கும்போது. நாலு நாளில் அம்மாவுக்கு எரிச்சல் வரும், வார்த்தை தடிக்கும். இரண்டு பேர் முறைவைத்துப் பாருங்கள். புருசனோ அப்பாவோ அண்ணனோ, துணி மாற்றத் தெரியாத ஆம்பிளை கற்றுக்கொள்ளலாம்.

சாப்பாடும் தண்ணியும்

"பச்ச ஒடம்பு, தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்" என்று தண்ணீரை அளந்து கொடுப்பதை நிறுத்துங்கள். பால் கொடுக்கும் உடம்பில் நீர் வற்றினால் மலச்சிக்கல், தலைவலி, களைப்பு வரும். ரத்தம் கட்டும் அபாயமும் கூடும். தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்கட்டும். பத்தியம் என்று பூண்டு ரசத்தோடு நிறுத்தாமல் அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளு, ராகிக்களி, முருங்கைக்கீரை, முட்டை, மீன் எல்லாம் கொடுக்கலாம். 17 வயது உடம்பு இன்னும் வளர்கிற உடம்பு. அதற்கும் பாலுக்கும் சேர்த்துச் சாப்பாடு வேண்டும்.

ரத்தசோகை மனச்சோர்வு மாதிரியே இருக்கும்: எழ முடியாது, எதிலும் நாட்டமிராது. இரும்புச்சத்து மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் தினம் ஒன்றாக 180 நாள் சாப்பிட வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். டீயோடும் பாலோடும் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது, எலுமிச்சை ஜூஸோடு ஒட்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். களைப்பு விடவே இல்லை என்றால் ஹீமோகுளோபினோடு தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் சில மாதத்தில் வரும் தைராய்டுக் கோளாறும் இதே முகம் காட்டும்.

எப்படிக் கேட்பது

"நல்லாருக்கியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் வரும். ஆள் இல்லாத நேரத்தில், பிள்ளைக்குத் துணி மடிக்கும்போதோ அவளுக்குத் தலை வாரும்போதோ, முகத்துக்கு நேராக உட்காராமல் கேளுங்கள்.

"ஏஞ்சாமி, புள்ள தூங்கற நேரத்துல உனக்குத் தூக்கம் வருதா?"

"வருலீம்மா."

"படுத்தா என்ன நெனப்பு ஓடுது?"

இங்கே நிறுத்துங்கள். அவள் பேசாமல் இருந்தாலும் அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். கொஞ்ச நேரம் கழித்து "எல்லாருக்கும் பாரமா இருக்கறேன்" என்ற மாதிரி ஏதாவது வரும். உடனே "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மூடிவிடாமல், "எப்ப இருந்து அப்புடித் தோணுது கண்ணு?" என்று கேளுங்கள். பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராதது, பிடித்த சாப்பாடும் வேண்டாம் என்பது, பிள்ளையைத் தொட்டுத் தூக்கவே பயப்படுவது, அதற்கு ஏதாவது ஆகிவிடும் என்று நிமிசத்துக்கு நிமிசம் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது, ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது: இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் இருந்தால் அது வெறும் அழுகை இல்லை, மனச்சோர்வு நோய். சின்ன வயதுப் பெண்களிடம் சோகத்தைவிட எரிச்சல் முன்னால் தெரியும். "திமிரு" என்று வீடு முடிவு கட்டுவது பல நேரம் இந்த எரிச்சலைப் பார்த்துத்தான்.

சாகத் தோன்றுகிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. "செத்துப்போலாம்னு எப்பவாச்சும் தோணுச்சா கண்ணு?" என்று நேராகவே கேளுங்கள். "ஆமா" என்றால் கோபப்படாமல், சத்தியம் வாங்காமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சி மருந்து, சாணிப்பவுடர், வீட்டில் சேர்ந்துகிடக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பூட்டி வைத்துச் சாவியை மாடத்தில் வைப்பது போதாது. இந்த எண்ணம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். அது ஏறி நிற்கும் நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பது உயிரைக் காக்கும்.

எங்கே போவது

கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். தடுப்பூசிக்குப் போகும் அன்றே சொன்னால் தனி நாள் தேவைப்படாது. எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்வி கொண்ட தாள் ஒன்று உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடந்த ஏழு நாளைப் பற்றிக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. 10 வந்தாலே டாக்டர் பார்ப்பது நல்லது. 13 அல்லது அதற்கு மேல் என்றால் தள்ளிப்போடவே கூடாது. கடைசிக் கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை, அன்றைக்கே டாக்டர். தாளை அவளே தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். மாமியார் பக்கத்தில் நின்று படித்துக் காட்டினால் எல்லாமே 0 என்றுதான் வரும்.

மனநலப் பிரிவு கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் என்றைக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு வருவார் என்று 104 சுகாதார உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். மில்லில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். நேரில் போகத் தயங்கினால், போனிலேயே மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மனஸ் எண் 14416. தமிழில், 24 மணி நேரமும், இலவசம். அவளே பேசட்டும், நீங்கள் வெளியே இருங்கள்.

லேசான சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையே போதும். மருந்து எழுதினால் "பால் கொடுக்கறேன்" என்று டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செர்ட்ராலின் மாதிரியான மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும் வரலாம். நாலாம் நாளே "ஒண்ணும் கேக்குல" என்று நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

பொறுக்கக் கூடாதது

முதல் இரண்டு வாரத்துக்குள், ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வேறொன்று வரும். இரண்டு மூன்று நாள் தூங்காமலே களைப்பில்லாமல் இருப்பாள். பேச்சு நிற்காது, அல்லது அடியோடு நின்றுபோகும். பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்பாள், சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்பாள், யாரோ பேசுவது கேட்கிறது என்பாள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போகும்போது போகிற ஒரு நாள்தான் ஆபத்தான நாள். முதலில் 108. கோயிலுக்கு அவள் குணமான பின் எல்லோருமாகப் போகலாம். பிள்ளையோடு அவளைத் தனியாக ஒரு நிமிசமும் விடாதீர்கள். சரியான சிகிச்சையில் பெரும்பாலோர் முழுதாக மீண்டு விடுகிறார்கள். காய்ச்சலோ வலிப்போ கடுந்தலைவலியோ சேர்ந்து இருந்தால் கிருமித்தொற்று, ரத்த அழுத்தம், மூளை ரத்தக்குழாய் அடைப்பு என எதுவாகவும் இருக்கலாம். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வருகிறவர்களும் போனும்

பிள்ளை பார்க்க வருகிறவர்களின் வாயை உங்களால் அடைக்க முடியாது, வாசலை அடைக்கலாம். "தாயும் புள்ளயும் நல்லாருக்காங்க, இப்பத்தான் தூங்குனாங்க, பத்து நாள் கழிச்சு வாங்க" என்பது போதும். உள்ளே வந்துவிட்ட அத்தை "இந்த வயசுல இதுக்கு என்ன அவசரமோ" என்று தொடங்கினால், அவள் காதுபடவே நீங்கள் பதில் சொல்லுங்கள். நீங்கள் அமைதியாக இருந்தால், நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்று அவள் எடுத்துக்கொள்வாள்.

போனை மொத்தமாகப் பிடுங்காதீர்கள். அவள் வயதுத் தோழி ஒருத்தியோடாவது பேச வேண்டும். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் மெசேஜை அழிக்காமல் வைத்து, சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்டுவது, பெயர் வைப்பது எல்லாவற்றையும் பெரியவர்களே எடுத்துக்கொண்டால் அவள் ஓரமாகிவிடுவாள். காலில் போட்டு ஊற்றக் கற்றுக்கொடுங்கள். முதல் வாரம் நீங்கள் பிடிக்க அவள் ஊற்றட்டும், அடுத்த வாரம் அவள் பிடிக்க நீங்கள் ஊற்றுங்கள். பெயரில் அவள் சொல்லுக்கு இடம் கொடுங்கள். பிள்ளையின் அழுகை இரண்டாம் வாரத்திலிருந்து கூடி, ஆறாம் வாரம் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் குறையும். பால் பத்தவில்லை என்று எல்லோரும் சொல்வது அந்த நேரத்தில்தான். நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அவளிடம் சொல்லுங்கள்.

ஆறாம் வாரத்துக்குப் பின்

ஆறாம் வாரச் செக்கப்பில் அடுத்த கர்ப்பம் பற்றிப் பேசிவிடுங்கள். மாதவிலக்கு வராததால் கருத்தரிக்காது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். ராத்திரியும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் இருந்து, மாதவிலக்கும் வராமல் இருந்தால்தான் அது ஓரளவு காக்கும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் வைக்கும் காப்பர்-டி, ஆறு வாரத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் அந்தரா கருத்தடை ஊசி, சாயா கருத்தடை மாத்திரை எல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். எது ஒத்துக்கொள்ளும் என்று டாக்டரும் அவளும் பேசி முடிவெடுக்கட்டும்.

டி.சி. வாங்காமல் இருக்கும்வரை பள்ளிக்குத் திரும்புவது சுலபம். வாங்கிவிட்டாலும் தனித்தேர்வராகப் பத்தாவதும் பிளஸ் டூவும் எழுதலாம். எந்த வருசம் எந்தப் பரீட்சை என்று தேதி போட்டு எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். "அப்பறம் பாத்துக்கலாம்" என்று விட்டால் அவளுக்கு முன்னால் எதுவும் இல்லாததுபோல் ஆகிவிடும்.

மனச்சோர்வு முதல் வருசத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், அவள் மறுபடி பள்ளிக்கோ வேலைக்கோ போகத் தொடங்கும் வாரம், கோர்ட்டுக்குப் போய்வந்த நாள் என்று கேட்க வேண்டிய நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். மருந்து சாப்பிடுகிறாள் என்றால், நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதும் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.